லிக்னின் சிதைவுப் பொருள்களைப் பிரித்தறிய: ஜிசியா, எச்பிஎல்சியா, எஸ்இசியா?

மரத்துக்கு உறுதி தரும் பாலிமரான லிக்னினை உடைத்ததும் குடுவையில் தேங்கும் பழுப்புத் திரவத்தில் வனிலின் போன்ற ஒற்றை வளைய மோனோமர்கள் இருக்கும், இரண்டு அலகு சேர்ந்த டைமர்கள் இருக்கும். மூலக்கூறு எடை ஆயிரங்களில் போகும் எச்சமும், உப்பும், சர்க்கரையின் சிதைவுகளும் கூடவே கிடக்கும். இத்தனையையும் ஒரே கருவியில் பார்த்துவிட வழியில்லை. ஜிசி (வாயு நிறப்பிரிகை) ஆவியாகக்கூடியதை மட்டும் காட்டும். எச்பிஎல்சி (உயர் செயல்திறன் திரவ நிறப்பிரிகை), கரைந்து பிரிப்புக் குழாயை விட்டு வெளியே வருவதை மட்டும் காட்டும். மூலக்கூறுகளின் அளவுவாரிப் பிரிப்பான எஸ்இசி ஒரு மேட்டை வரைந்து தரும். அதில் எந்தச் சேர்மத்தின் பெயரும் இருக்காது. ஆகவே எதைப் பார்க்காமல் விட்டால் நம் கேள்விக்குப் பாதகமில்லை என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். பெரும்பாலான ஆய்வகங்களில் எந்தக் கருவி காலியாக இருக்கிறது என்பதே அந்த முடிவை எடுத்துவிடுகிறது.

மாதிரி எங்கிருந்து வந்தது

உடைத்த முறையே பாதித் தேர்வைச் செய்துவிடும். நைட்ரோபென்சீன் அல்லது காப்பர் ஆக்சைடு கொண்டு காரத்தில் ஆக்சிஜனேற்றம் செய்திருந்தால் கிடைப்பது பெரும்பாலும் ஆல்டிஹைடுகளும் அமிலங்களும்தான்: பாரா-ஹைட்ராக்சி பென்சால்டிஹைடு, வனிலின், சிரிங்கால்டிஹைடு, அவற்றுக்கு இணையான அமிலங்கள். காப்பர் ஆக்சைடு முறையில் கீட்டோன்களும் கணிசமாக வரும். ஊசியிலை மரமென்றால் குவாயசில் வகை (வளையத்தில் ஒரு மெத்தாக்சி தொகுதி) மட்டுமே மேலோங்கும். அகன்ற இலை மரமென்றால் சிரிங்கைல் வகையும் (இரண்டு மெத்தாக்சி) சேரும். புல் இனமென்றால் பாரா-கூமாரிக், ஃபெரூலிக் அமிலங்களும் வரும். பட்டியல் குறுகியது, எல்லாவற்றுக்கும் ஒப்பிட்டு அளக்கத் தூய நியமங்கள் விலைக்குக் கிடைக்கும்.

ஹைட்ரஜனேற்றத்துடன் சேர்த்து உடைக்கும் முறையில், அதாவது ஆர்சிஎஃப்-இல், புரொப்பைல் குவாயகால், புரொப்பைல் சிரிங்கால், அவற்றின் புரொப்பனால் வடிவங்கள் ஆகியவை மெத்தனால் போன்ற ஆல்கஹாலில் கரைந்து வரும். இங்கே மோனோமர்களோடு டைமர், டிரைமர்களும் கணிசம். வெப்பச் சிதைவு எண்ணெயோ இன்னும் குழப்பமானது: நூற்றுக்கணக்கான சேர்மங்கள், நிறைய நீர், கூடவே லெவோகுளுக்கோசான் போன்ற சர்க்கரை வழிப்பொருள்கள். முதல் வகைக்கு நன்றாக வேலை செய்யும் முறையை மூன்றாம் வகைக்குக் கொண்டுபோனால் வரைபடம் அழகாகத்தான் வரும், எண்கள்தான் பொய்யாக இருக்கும்.

ஜிசி–எம்எஸ்: பெயர் சொல்வதில் முதலிடம், நிபந்தனைகளுடன்

பிரிக்கும் திறனிலும் அடையாளம் காண்பதிலும் நிறை நிறமாலைமானியோடு இணைந்த ஜிசி–எம்எஸ்ஸை மிஞ்சுவது கடினம். 5 சதவீத ஃபீனைல் வகைத் தந்துகிக் குழாய், 30 மீட்டர் நீளம், 0.25 மி.மீ. உள்விட்டம், 0.25 மைக்ரோமீட்டர் படலம். இதுவே தொடங்குவதற்குப் போதும். 80 டிகிரியில் 2 நிமிடம், பிறகு நிமிடத்துக்கு 8 டிகிரி வீதம் 300 வரை, அங்கே 10 நிமிடம். கடைசி 10 நிமிடத்தை மிச்சப்படுத்தினால் டைமர்கள் அடுத்த மாதிரியில் அகன்ற பீக்குகளாக (வரைபட முகடுகளாக) எழும்.

கேள்வி, சிலைலேற்றம் (ஹைட்ராக்சிலின் ஹைட்ரஜனுக்குப் பதில் சிலிக்கான் தொகுதியை ஏற்றி, எளிதில் ஆவியாகும் வழிப்பொருளாக்குவது) செய்வதா வேண்டாமா என்பதில்தான். குவாயகால், மெத்தில் குவாயகால், சிரிங்கால், வனிலின் ஆகியவை நேரடியாகவே செலுத்தத்தக்கவை. அமிலங்கள் அப்படியல்ல, வனிலிக், சிரிஞ்சிக் அமிலங்கள் வால் நீண்ட பீக்காகவே வரும், செறிவு குறைந்தால் காணாமலே போகும். ஃபெரூலிக், பாரா-கூமாரிக் அமிலங்கள் இன்னும் மோசம். மாதிரி நுழையும் சூடான இன்லெட்டில் கார்பன் டைஆக்சைடை இழந்து வினைல் குவாயகாலாகவும் வினைல் ஃபீனாலாகவும் மாறிவிடும். புல் லிக்னின் மாதிரியில் வினைல் குவாயகால் மிகுதி என்று எழுதும் முன், அது உலையில் உருவானதா இன்லெட்டில் உருவானதா என்று பார்க்க வேண்டும். தூய ஃபெரூலிக் அமிலத்தை மட்டும் ஒருமுறை செலுத்திப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

சிலைலேற்றத்துக்கு நம்பகமான அளவுகள்: உலர்ந்த சாறு சுமார் 1 மி.கி., உலர் பிரிடின் 100 மைக்ரோலிட்டர், 1 சதவீத டிஎம்சிஎஸ் ஊக்கி கலந்த பிஎஸ்டிஎஃப்ஏ (சிலைலேற்றும் வினைப்பொருள்) 100 மைக்ரோலிட்டர், இறுக மூடிய குப்பியில் 70 டிகிரியில் 30 நிமிடம். முழுக்க வினைபுரிந்தால் ஒவ்வொரு ஹைட்ராக்சில் தொகுதிக்கும் மூலக்கூறு எடை 72 கூடும். வனிலின் 152-இலிருந்து 224 ஆகும்; இரண்டு தொகுதிகள் உள்ள வனிலிக் அமிலம் 168-இலிருந்து 312 ஆகும். வனிலிக் அமிலத்துக்கு இரண்டு பீக்குகள் வந்தால், அதில் ஒன்று 240 நிறை கொண்டதென்றால், வினை பாதியில் நின்றிருக்கிறது. காரணம் அநேகமாக ஈரம். எதைல் அசிட்டேட் சாற்றில் கரைந்திருக்கும் நீரே வினைப்பொருளைத் தின்றுவிடும். நீரற்ற சோடியம் சல்பேட்டில் உலர்த்தாமல் இந்த வேலைக்கு இறங்கக் கூடாது. எஞ்சிய மெத்தனாலும் அப்படியே, அதனால் ஆர்சிஎஃப் மாதிரிகளில் கரைப்பானை மாற்றிய பிறகே சிலைலேற்றம்.

இங்கே ஒரு முரண் உண்டு. நைட்ரஜன் ஊதி முழுக்க உலர்த்தினால் குவாயகாலும் ஃபீனாலும் காற்றோடு போய்விடும். குவாயகாலின் கொதிநிலை 205 டிகிரிதான். அவை முக்கியமென்றால் சாற்றை வற்றவிடாமல், சல்பேட்டில் உலர்த்திய எதைல் அசிட்டேட் கரைசலிலேயே வினைப்பொருளைக் கூடுதலாகச் சேர்க்கலாம். அமிலங்கள்தான் முக்கியமென்றால் தாராளமாக உலர்த்தலாம். இரண்டும் வேண்டுமென்றால் ஒரே மாதிரியை இரண்டாகப் பிரித்து இரு வழியிலும் செய்வதே நேர்மையான வழி. வழிப்பொருள்கள் ஈரத்தில் மெல்லச் சிதையும். மறுநாளுக்குள் ஓட்டிவிடுவது நல்லது.

நிறமாலை வாசிப்பில் ஒரு பொறி. சிலைலேற்றிய குவாயசில் சேர்மங்கள் இரண்டு மெத்தில் தொகுதிகளை, அதாவது 30 நிறையை, இழப்பது வழக்கம். அதனால் வனிலினின் முதன்மை அயனி 194-இல் நிற்கும். சிலைலேற்றிய பாரா-ஹைட்ராக்சி பென்சால்டிஹைடின் மூலக்கூறு அயனியும் அதே 194. அதுபோல் சிரிங்கால்டிஹைடின் முதன்மை அயனி 224, அது வனிலினின் மூலக்கூறு அயனி. தேர்ந்த அயனிகளை மட்டும் பதிவு செய்யும் முறையில் ஓர் அயனியை மட்டும் நம்பி நேரச் சாளரத்தைத் தாராளமாக வைத்தால் பெயர் மாறிப் பதிவாகும். பாரா-ஹைட்ராக்சி பென்சால்டிஹைடுக்கு 179 உடன் 194, வனிலினுக்கு 194 உடன் 209, சிரிங்கால்டிஹைடுக்கு 224 உடன் 239 என்று இரண்டிரண்டு அயனிகளின் விகிதத்தோடு உறுதி செய்யுங்கள். 207-உம் 281-உம் எல்லா இடத்திலும் வந்தால் அது குழாயின் அல்லது செப்டத்தின் சிலிக்கோன் கசிவு.

அளவிடுவதற்கு எம்எஸ்ஸை விட எஃப்ஐடி (சுடர் அயனியாக்க உணரி) மேல். மொத்த அயனி மின்னோட்டத்தின் பரப்பு சதவீதத்தை எடைச் சதவீதமாக எழுதும் பழக்கம் இந்தத் துறையில் தொற்றுபோல் பரவியிருக்கிறது. அதற்கு அடிப்படையே இல்லை. ஒவ்வொரு சேர்மமும் எம்எஸ்ஸில் வெவ்வேறு அளவில் அயனியாகும். எஃப்ஐடியில் நியமம் இல்லாத சேர்மத்துக்கும் பயனுறு கார்பன் எண் (உணரியில் சமிக்ஞை தரும் கார்பன்களின் கணக்கு) கொண்டு நியாயமான மதிப்பீடு செய்யலாம். டைமர்களுக்கு நியமம் கிடைப்பது அரிது என்பதால் ஆர்சிஎஃப் எண்ணெய்க்கு இது பெரிய அனுகூலம்.

எச்பிஎல்சி: கார ஆக்சிஜனேற்ற மாதிரிகளுக்கு இதுவே

வழிப்பொருள் ஆக்கத் தேவையில்லை, நீர் ஒரு தடையில்லை, அமிலமும் ஆல்டிஹைடும் ஒரே ஓட்டத்தில் வரும். எட்டுப் பத்துத் தெரிந்த ஃபீனால்களை நிறைய மாதிரிகளில் அளக்க வேண்டுமென்றால் வேறு எதையும் யோசிக்க வேண்டியதில்லை.

சி18 (18 கார்பன் சங்கிலி பிணைத்த சிலிக்கா) குழாய், 250 × 4.6 மி.மீ., 5 மைக்ரோமீட்டர் துகள், 30 டிகிரி, நிமிடத்துக்கு 1 மி.லி. நீரிலும் அசிட்டோநைட்ரைலிலும் 0.1 சதவீத ஃபார்மிக் அமிலம். 10 சதவீத அசிட்டோநைட்ரைலில் தொடங்கி 30 நிமிடத்தில் 30 சதவீதம், பிறகு 95-க்கு ஏற்றி 10 நிமிடம் கழுவல். கழுவலைக் குறைக்க வேண்டாம். சில அலகுகள் சேர்ந்த ஒலிகோமர்கள் குழாயில் ஒட்டிக்கொண்டு, சில மாதிரிகள் கழித்து அடிக்கோட்டைத் தூக்கும் மேடாக வெளியேறும். அமிலம் சேர்ப்பதற்குக் காரணம் எளிது: வனிலிக் அமிலத்தின் பிகேஏ (பாதி அயனியாகும் பிஎச்) சுமார் 4.5. பிஎச் 3-க்கு மேலே ஏறினால் ஒரு பகுதி அயனியாகி, பீக் அகன்று முன்னே நகரும்.

பிரிக்கக் கடினமான இணைகள் இரண்டு: வனிலிக் அமிலமும் சிரிஞ்சிக் அமிலமும், பாரா-கூமாரிக் அமிலமும் சிரிங்கால்டிஹைடும். இரண்டாவது இணைதான் புல் மாதிரிகளில் எரிச்சலூட்டும். குழாயை நீளமாக்குவதால் பெரிய பயனில்லை. தேர்வுத்தன்மையை மாற்ற வேண்டும். ஃபீனைல்-ஹெக்சைல் குழாயையும் மெத்தனாலையும் சேர்த்துப் போடுவது நல்ல மாற்று. அங்கே மெத்தனால் அவசியம். அசிட்டோநைட்ரைலின் பை எலக்ட்ரான்கள் வளையங்களுக்கிடையேயான ஈர்ப்பை மங்கச் செய்துவிடும், அப்புறம் அந்தக் குழாய்க்கும் சி18-க்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

டயோடு வரிசை உணரியில் 280 நானோமீட்டரை மட்டும் பார்ப்பது சோம்பல். பாரா-ஹைட்ராக்சி பென்சாயிக் அமிலத்தின் உச்சம் 255 அருகே. 280-இல் அது பாதி மறைந்திருக்கும். சிரிங்கால்டிஹைடும் பாரா-கூமாரிக் அமிலமும் 310 அருகே, ஃபெரூலிக் அமிலம் 320 அருகே. 260, 280, 310 மூன்றையும் பதிந்து, பீக்கின் ஏறுமுகத்திலும் இறங்குமுகத்திலும் 280-க்கும் 310-க்கும் உள்ள விகிதம் மாறுகிறதா என்று பார்த்தால் ஒளிந்திருக்கும் இரண்டாவது சேர்மம் பிடிபடும். ஆர்சிஎஃப் மோனோமர்களுக்கு இந்த உணரி அவ்வளவு பொருந்தாது. கார்பனைல் இல்லாத புரொப்பைல் குவாயகால் வனிலினை விட மிகக் குறைவாகவே ஒளியை உறிஞ்சும். ஒளிர்வு உணரி இருந்தால் அதற்கு அது மேல்.

கருவியை விட முன் தயாரிப்பில்தான் எண்கள் தொலைகின்றன. கார மாதிரியை நேரடியாகச் செலுத்தவே கூடாது: அமில மொபைல் ஃபேஸை, அதாவது குழாயில் ஓடும் கரைப்பானை, தொட்டதும் லிக்னின் குழாயின் முகப்பிலேயே வீழ்படியும், அழுத்தம் ஏறும்; சிலிக்கா வேறு காரத்தில் கரையும். பிஎச் 2-க்கு இறக்கி வீழ்படிவை மையவிலக்கியில் பிரித்தால், அந்த வீழ்படிவு மோனோமர்களில் ஒரு பங்கைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக, கலக்கிக்கொண்டே சேர்ப்பதும், வீழ்படிவை பிஎச் 2 நீரால் ஒருமுறை கழுவி அந்த நீரையும் சேர்த்துக்கொள்வதும் இழப்பைக் குறைக்கும். பிறகு சம அளவு எதைல் அசிட்டேட்டால் மூன்று முறை பிரித்தெடுங்கள். குழம்பு உருவானால் உப்பைக் கரைத்து மையவிலக்கியில் சுற்றினால் அடங்கும். ஈதர் பயன்படுத்துபவர்கள் பெராக்சைடைச் சோதிக்க வேண்டும். அது ஆல்டிஹைடை அமிலமாக்கிவிட்டால், சிதைவின் அளவுகோலாகப் பலர் நம்பும் அமில–ஆல்டிஹைடு விகிதமே கெட்டுவிடும்.

வடிகட்டியிலும் கவனம் தேவை. நைலான் வடிகட்டி ஃபீனால்களைப் பிடித்துக்கொள்ளும். நீரேற்கும் வகை பிடிஎஃப்இ (டெஃப்லான்), 0.2 மைக்ரோமீட்டர் போதும். மாதிரியைத் தூய மெத்தனாலிலோ டெட்ராஹைட்ரோஃபியூரானிலோ (டிஎச்எஃப்) கரைத்து 20 மைக்ரோலிட்டர் செலுத்தினால் முதலில் வரும் பீக்குகள் இரண்டாகப் பிளக்கும். தொடக்க மொபைல் ஃபேஸுக்கு நெருக்கமாக நீர்த்து, 5 மைக்ரோலிட்டர் போடுங்கள்.

எல்சி–எம்எஸ் சேர்த்தால்

டைமர்களையும் டிரைமர்களையும் பெயரளவிலாவது அறிய வேண்டுமென்றால் எதிர் அயனி முறையில் இயங்கும் எலக்ட்ரோஸ்பிரே அயனியாக்கமும் உயர் பிரிதிறன் எம்எஸ்ஸும் தவிர வழியில்லை. மெத்தாக்சி ஃபீனால்கள் மெத்தில் ராடிக்கலை, அதாவது 15 நிறையை, இழப்பது நல்ல அடையாளம்: வனிலின் 151-இலிருந்து 136, ஃபெரூலிக் அமிலம் 193-இலிருந்து 178.

ஆனால் சிரிங்கால்டிஹைடு 181-இலிருந்து 166, பிறகு 151 என்று இறங்கும். அயனி மூலத்தின் மின்னழுத்தம் அதிகமாக இருந்தால் இது மூலத்திலேயே நடந்துவிடும். ஒற்றை நான்முனைக் கருவியில் 151-ஐப் பின்தொடர்ந்தால் சிரிங்கால்டிஹைடு வரும் நேரத்திலும் ஒரு ‘வனிலின்’ பீக் எழும். இரண்டும் அருகருகே வெளிவரும் சேர்மங்கள் என்பதால் வனிலின் பரப்பு வீங்கும். உயர் பிரிதிறன் கருவியில் பிரச்சினை இல்லை: வனிலின் 151.0401, சிரிங்கால்டிஹைடின் துண்டு 151.0037. எளிய கருவியென்றால் மின்னழுத்தத்தைக் குறைத்து, தூய சிரிங்கால்டிஹைடை மட்டும் செலுத்தி 151 தடத்தைப் பாருங்கள்.

அளவீட்டுக்கு இதை நம்புவதில் எச்சரிக்கை வேண்டும். அமிலங்கள் எளிதில் அயனியாகும், அல்கைல் ஃபீனால்கள் மங்கலாகவே தெரியும், ஃபீனால் ஹைட்ராக்சில் மெத்திலேற்றப்பட்டிருந்தால் தெரியாமலே போகலாம். பீக் உயரத்தை வைத்து எது மிகுதி என்று சொல்ல முடியாது.

எஸ்இசி: எண்ணை நம்பாமல் போக்கை நம்புங்கள்

உடைந்ததா, எவ்வளவு உடைந்தது, மறுபடி சேர்ந்துகொண்டதா என்ற கேள்விகளுக்கு எஸ்இசி மட்டுமே விடை தரும். மூன்று வழிகள் உண்டு. அசிட்டைலேற்றி டிஎச்எஃப்-இல் ஓட்டுவது, லித்தியம் புரோமைடு கலந்த டிஎம்எஸ்ஓ அல்லது டிஎம்எஃப் கரைப்பானில் நேரடியாக ஓட்டுவது, 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில், காரம் தாங்கும் பாலிமர் குழாயில் ஓட்டுவது.

டிஎச்எஃப் வழியில் பிரிப்பு நன்று, குழாயும் நீண்ட நாள் உழைக்கும். 10 மி.கி. மாதிரிக்கு பிரிடினும் அசிட்டிக் அன்ஹைட்ரைடும் சம அளவில் கலந்த 1 மி.லி., அறை வெப்பத்தில் இருட்டில் 24 மணி நேரம். இதை ஐஸ் நீரில் கொட்டி வீழ்படிவை எடுக்கும் வழக்கம் பெரிய லிக்னினுக்குச் சரி. சிதைந்த மாதிரியில் மோனோமர், டைமர்கள் நீரோடு போய்விடும், சராசரி எடை செயற்கையாக உயரும். எத்தனாலும் டொலுவீனும் சேர்த்துச் சேர்த்து ஆவியாக்கி எடுப்பதே இங்கே சரி. டிஎச்எஃப்-இல் நிலைப்படுத்தியாக இருக்கும் பிஎச்டி (பியூட்டைலேற்றிய ஹைட்ராக்சி டொலுவீன்) 280-இல் உறிஞ்சும், சிறு மூலக்கூறுகளின் பகுதியில்தான் வந்து நிற்கும். அதை மோனோமர் என்று கணக்கில் எடுத்துக்கொள்ளாதீர்கள். வடிகட்டியில் மிச்சம் நின்றால் எடைபோடுங்கள். வரைபடம் கரைந்த பகுதியை மட்டுமே பேசுகிறது.

நேரடி டிஎம்எஸ்ஓ வழியில் வழிப்பொருள் வேலை மிச்சம். ஆனால் பாகுத்தன்மையால் குழாயைச் சூடாக்க வேண்டும், உப்பு இல்லாவிட்டால் மூலக்கூறுகள் கூட்டாகச் சேர்ந்து பொய்யான பெரிய எடை காட்டும். கார வழி மலிவு, காகிதக் கூழ் ஆலையின் கிராஃப்ட் கருப்புத் திரவத்துக்கு இயல்பாகப் பொருந்தும், பிரிப்பு சுமார். மூன்றிலும் பெரும்பாலும் பாலிஸ்டைரீன் அல்லது அதன் சல்போனேட் நியமத்தை வைத்துத்தான் கணக்கு. லிக்னினின் வடிவம் வேறு. ஒரு வழியில் வந்த எண்ணை மற்றொரு வழியில் வந்த எண்ணோடு ஒப்பிடக் கூடாது. ஒளிச்சிதறல் உணரி இதைத் தீர்க்கும் என்று எதிர்பார்த்தால், லிக்னின் லேசர் ஒளியை உறிஞ்சுவதும் தானே ஒளிர்வதும் குறுக்கே நிற்கும்.

மற்றவை, சுருக்கமாக

வெப்பச் சிதைவு எண்ணெயில் பீக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவியும்போது இருபரிமாண ஜிசி அருமையாக வேலை செய்யும். ஹைட்ரோகார்பன், ஃபீனால், குவாயகால், சிரிங்கால் என்று குடும்பம் குடும்பமாகப் பட்டைகள் பிரியும். தரவை அலசுவதற்கு ஆள் இல்லாவிட்டால் வாங்க வேண்டாம். கார்பன் டைஆக்சைடையும் மெத்தனாலையும் கொண்டு ஓடும் எஸ்எஃப்சி (மீநிலைமாறு பாய்ம நிறப்பிரிகை) வேகமானது, சி18-இலிருந்து வேறுபட்ட தேர்வுத்தன்மை தரும். நீர் மிகுந்த மாதிரிக்கு ஒத்துவராது.

திடமான மரத்தில் சிரிங்கைல்–குவாயசில் விகிதம் மட்டும் போதுமென்றால் லிக்னினைப் பிரித்தெடுக்கவே தேவையில்லை. 0.1 முதல் 0.5 மி.கி. தூளை 500–600 டிகிரியில் பைரோலிசிஸ் (வெப்பச் சிதைவு) ஜிசி–எம்எஸ்ஸில் போட்டால் ஒரு மணி நேரத்தில் விடை. புல் இனத்தில் மட்டும் வினைல் ஃபீனாலை எச் வகை (மெத்தாக்சி இல்லாத) லிக்னினாக எண்ணிவிடாதீர்கள். அது பெரும்பாலும் எஸ்டராகப் பிணைந்த பாரா-கூமாரிக் அமிலத்திலிருந்து வருவது. டிஎம்ஏஎச் (டெட்ராமெத்தில் அம்மோனியம் ஹைட்ராக்சைடு) சேர்த்து மெத்திலேற்றத்துடன் ஓட்டினால் அமிலம் தன் வடிவிலேயே தெரியும்.

தூய சேர்மம் வேண்டுமென்றால்

சிலிக்கா குழாய் மலிவு, எல்லாருக்கும் பழகியது. மாதிரியின் எடையைப் போல் 50 மடங்கு சிலிக்கா, ஹெக்சேன்–எதைல் அசிட்டேட், அதில் 0.5 சதவீதம் அசிட்டிக் அமிலம். அமிலம் இல்லாவிட்டால் ஃபீனால்கள் வால் நீட்டும். அடுத்தடுத்து இரண்டு ஹைட்ராக்சில் கொண்ட கேட்டகால்கள் சிலிக்காமேல் கறுத்துப்போகும், ஒலிகோமர்கள் திரும்பவே வராது. குழாய் ஒரு முறைக்குத்தான்.

மோனோமரும் பாலிமரும் கலந்த மாதிரிக்கு மையவிலக்குப் பகிர்வு முறையான சிபிசி பொருத்தமானது. திட ஊடகமே இல்லாததால் எதுவும் நிரந்தரமாக ஒட்டிக்கொள்வதில்லை. ஹெப்டேன், எதைல் அசிட்டேட், மெத்தனால், நீர் நான்கும் சேர்ந்த கலவைத் தொடரில் தேட வேண்டும். இரு அடுக்குகளிலும் 2 மி.லி. எடுத்து, சில மி.கி. மாதிரியைப் போட்டுக் குலுக்கி, இரண்டையும் எச்பிஎல்சியில் பாருங்கள். வேண்டிய சேர்மத்தின் பகிர்வு எண் (இரு அடுக்குகளிலும் உள்ள செறிவுகளின் விகிதம்) 0.5-க்கும் 2-க்கும் இடையே விழும் கலவையை எடுத்துக்கொள்ளலாம். அதற்குக் கீழே என்றால் எல்லாம் முன்னேயே கும்பலாக வந்துவிடும், மேலே என்றால் அரை நாள் காத்திருக்க நேரும். இந்தச் சோதனைக்கு ஒரு பிற்பகல் போகும், அதைத் தவிர்த்தால் லிட்டர் கணக்கில் கரைப்பான் போகும்.

எதற்கு எது

கார ஆக்சிஜனேற்றம், தெரிந்த ஃபீனால்கள், நிறைய மாதிரி: எச்பிஎல்சி. மண், படிவு போன்றவற்றில் சுவடு அளவில் தேடுகிறீர்கள் என்றால் அதே சேர்மங்களுக்குச் சிலைலேற்றிய ஜிசி–எம்எஸ். ஆர்சிஎஃப் மோனோமர் விளைச்சல்: பெயர்களை எம்எஸ்ஸில் ஒருமுறை உறுதி செய்து, எண்களைச் சிலைலேற்றிய ஜிசி–எஃப்ஐடியில் எடுங்கள், கூடவே எஸ்இசி, ஏனென்றால் ஜிசியில் தெரியாத மீதி எங்கே போனது என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். ஒரே ஒரு கருவிக்குத்தான் வாய்ப்பு என்றால் எச்பிஎல்சியைத் தேர்ந்தெடுக்கலாம். பழுதானாலும் விரைவில் சரியாகும், ஈரமான மாதிரி அதைக் கெடுக்காது.

எதைத் தேர்ந்தாலும் எதைல் வனிலினைக் கையில் வைத்திருங்கள். லிக்னினிலிருந்து அது வராது, ஜிசியிலும் எச்பிஎல்சியிலும் வனிலினை அடுத்துத் தனியே வரும். அமிலமாக்கும் முன் கார மாதிரியில் தெரிந்த அளவைச் சேருங்கள். இணையாக இன்னொரு பங்கில், இறுதிச் சாற்றில் மட்டும் அதே அளவைச் சேருங்கள். இரண்டு பரப்புகளின் விகிதமே மீட்பு சதவீதம். அது 70-க்குக் கீழே இறங்கினால் குழாயை மாற்றியோ மொபைல் ஃபேஸைத் திருத்தியோ பயனில்லை; வீழ்படிவையும் பிரித்தெடுப்புப் புனலையும்தான் மறுபடி பார்க்க வேண்டும்.